கடைசிக் கிள்ளுக்குப் பிறகு

ஜனவரி 1, வியாழன்

உரக்கடைக்காரர் புத்தாண்டுக்கு டைரி கொடுத்தார். எங்கள் வீட்டில் பூங்கா ஆட்கள் இரண்டு பேர் என்பதால் இரண்டு டைரி. சவுந்தரம் தன்னுடையதில் பால்காரர் மட்டம் போடுகிற நாட்களைக் குறித்துவைக்கப் போகிறாளாம். நான் நாட்குறிப்பு எழுதப் போவதாகச் சொன்னேன்.

"பொங்கலத் தாண்டாது" என்றாள்.

இதை எழுதுவதற்கு வேறு காரணம் தேவையில்லை.

முறைப்படி தொடங்குகிறேன். என் பெயர் சவரியப்பன். மஞ்சுமேடு அரசு பூங்காவில் தரைப் பாத்திகளும் டேலியாச் செடிகளும் என் பொறுப்பு. தொட்டிச் செடிகள் அத்தனையும் என் மனைவி ஞானசவுந்தரியின் பொறுப்பு. கல்யாணமாகி மலை ஏறி வந்தபோது அவளுக்குக் கத்தரி நாற்றுக்கும் தக்காளி நாற்றுக்கும் வித்தியாசம் தெரியாது. இப்போது அஞ்சல் வழியில் தோட்டக்கலை டிப்ளமோ, அதன்மேல் துறைத் தேர்வு என்று எல்லாம் முடித்துவிட்டு, என் டேலியாவுக்கு நான் என்ன உரம் வைக்க வேண்டும் என்று எனக்கே சொல்கிறாள். துறைத் தேர்வுக்கு நானும் விண்ணப்பம் வாங்கியிருந்தேன். தேர்வன்றைக்குப் பார்த்து மூட்டுவலி.

ஜனவரி 9, வெள்ளி

உறைபனி. விடிந்தபோது புல்வெளி முழுக்க உப்பைக் கொட்டியது மாதிரி இருந்தது. பாத்திகளைத் தழை போட்டு மூடித்தான் வைத்திருந்தோம். மூடாமல் விட்ட ஒரு பாத்தி மட்டும் கருகிவிட்டது. மூட மறந்தது மொக்கையன் என்று நான் சொன்னேன். மொக்கையனோ என்னைக் கை காட்டினான். மொக்கையன் எனக்குக் கீழே வேலை பார்க்கிறவன். அந்த விஷயம் இன்னும் அவன் காதுக்குப் போய்ச் சேரவில்லை.

சவுந்தரத்தின் நாற்றுகள் கண்ணாடிக் கூண்டுக்குள் சொகுசாக இருக்கின்றன. இன்று பெட்டூனியா விதைத்தாள். அந்த விதை கடுகில் கால்வாசிகூட இருக்காது, மூச்சு விட்டால் பறந்துவிடும். அதனால் விதைக்கும்போது வாயைத் துணியால் கட்டிக்கொள்கிறாள். வருஷத்தில் அவள் பேசாமல் இருக்கிற அரை நாள் இதுதான். வேடிக்கை பார்க்கப் போனேன். வெளியே போகும்படி கையால் காட்டினாள்.

ஜனவரி 16, வெள்ளி

பொங்கலைத் தாண்டிவிட்டேன். அவளிடம் காட்டினேன்.

"ஒத்த வரி எழுதுனா அது கணக்குல வராது" என்றாள்.

பிப்ரவரி 3, செவ்வாய்

மேலாளர் குணாளன் எங்கள் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். எங்களுக்கு மகன் இருந்தால் இவர் வயதுதான் இருக்கும். ஆனாலும் நாற்காலி அவருடையது.

விஷயம் இதுதான். ஏற்காட்டுப் பக்கம் துறை புதிதாக ஒரு பூங்கா அமைக்கிறது. அதற்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். மூன்று பேரை யோசனையில் வைத்திருக்கிறார்கள், அதில் சவுந்தரம் ஒருத்தி. மே மாத மலர்க் காட்சிக்குத் தொட்டிகளைப் படிப்படியாக அடுக்கி வைக்கிற மலர் மாடம் இந்த வருஷம் முதல்முறையாக அவள் பொறுப்பில் இருக்கிறது. இயக்குநர் வந்து மாடத்தைப் பார்ப்பாராம். நன்றாக இருந்தால் வேலை அவளுக்குத்தான்.

"கெடச்சா போவீங்கல்லம்மா?" என்று குணாளன் கேட்டார்.

சவுந்தரம் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"போவா சார். ஏன் போகாம" என்றேன்.

எனக்கும் அங்கே இடமாற்றம் கிடைக்குமா என்று பொதுவாகக் கேட்டு வைத்தேன். என் பதவிக்கு அங்கே இடமே இல்லையாம். நல்லதாகப் போயிற்று. நான் ஓய்வு பெறும்வரை அவள் அங்கே, நான் இங்கே. ரேடியோவை என் இஷ்டத்துக்குச் சத்தமாக வைக்கலாம். ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடலாம். மூட்டுக்குத் தைலம் தேய்த்தாயா, மாத்திரை போட்டாயா என்று யாரும் உயிரை வாங்க மாட்டார்கள். இன்னும் நிறைய வசதிகள் இருக்கின்றன. எழுத உட்கார்ந்தால் நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது.

டீக்கடையிலும் சர்ச் வாசலிலும் நானே செய்தியைச் சொன்னேன். எல்லாரும் அவளைப் பாராட்டினார்கள். ஒருத்தர் மட்டும் "அப்ப உங்களுக்குச் சோறு?" என்று கேட்டார். சில பேருக்கு எதை எப்போது கேட்பது என்று தெரிவதில்லை.

பிப்ரவரி 14, சனி

காதலர் தினம். பூங்காவில் புல் தெரியவில்லை, ஜோடிகள்தான் தெரிகின்றன. ராட்சதக் கற்றாழை மடலில் ஒரு பையன் சாவியால் பெயர் செதுக்கிக்கொண்டிருந்தான். பிடித்துவிட்டேன். பெண்ணின் பெயரில் பாதிதான் முடிந்திருந்தது. மீதியையும் எழுத விடச் சொல்லிக் கெஞ்சினான், பாதியில் நின்றால் வேறு பெண்ணின் பெயராகிவிடுமாம். நியாயமாகத்தான் பட்டது. இருந்தாலும் சட்டம் சட்டம்தான்.

அந்த நேரம் பார்த்து சவுந்தரம் மக்கு உரக் கூடையோடு அந்தப் பக்கம் வந்தாள். பையனோடு இருந்த பெண், "அங்கிள், ஆன்ட்டிகூட நில்லுங்க, ஒரு போட்டோ" என்றது. திட்டு வாங்கினவர்கள் செய்கிற காரியமா இது? நின்றோம். கூடையைக் கீழே வைக்கச் சொன்னேன். வைக்க மாட்டேன் என்றாள். உரத்தோடுதான் இருக்கிறது படம். பையன் என் போனுக்கு அனுப்பினான். குற்றம் செய்தவனின் எண் கையில் இருப்பது நல்லது என்று வாங்கி வைத்திருக்கிறேன். படம் பரவாயில்லை.

மார்ச் 8, ஞாயிறு

ஆண்பிள்ளைகளும் சமைக்கத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. இப்படி ஒரு எண்ணம் திடீரென்று வந்தது, அவ்வளவுதான். ரசம் வைத்தேன்.

"பெருங்காயம் எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"மூணாவது டப்பா" என்று துணி காயப்போட்டுக்கொண்டே வெளியிலிருந்து சொன்னாள்.

மூன்றாவது டப்பாவில் இருந்ததைப் போட்டேன். அது டீத்தூள். அவள் சன்னல் பக்கத்திலிருந்து எண்ணுவாளாம். கதவுப் பக்கத்திலிருந்து எண்ணுவது யார் வீட்டு வழக்கம் என்று என்னைக் கேட்டாள். முப்பது வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், டப்பாக்களை ஆளுக்கொரு பக்கத்திலிருந்து எண்ணியிருக்கிறோம்.

வீணாக்க மனம் வராமல் மொக்கையனுக்குக் கொண்டுபோனேன். ஒரு வாய் குடித்தான்.

"நல்லாருக்குண்ணே. சளிக்கா?" என்றான்.

மார்ச் 24, செவ்வாய்

வெயில். களை. தண்ணீர் லாரி வரவில்லை. எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 15, புதன்

இன்று கடைசிக் கிள்ளு.

இதை ஒருமுறை விளக்கமாக எழுதிவிட வேண்டும். தொட்டியில் வளர்கிற பெட்டூனியாவை அதன் இஷ்டத்துக்குப் பூக்க விட்டால் ஒன்று இன்றைக்குப் பூக்கும், ஒன்று அடுத்த வாரம் பூக்கும். அதனால் மொட்டு வர வர நுனியைக் கிள்ளிக்கொண்டே வருவோம். காட்சிக்குச் சரியாக ஒரு மாதம் இருக்கும்போது எல்லாத் தொட்டிகளையும் ஒரே நாளில் கிள்ளிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். அதுதான் கடைசிக் கிள்ளு. அப்புறம் அத்தனையும் ஒன்றாக மொட்டு விட்டு ஒன்றாகப் பூக்கும். காட்சி மே மாதம் பதினைந்தாம் தேதி.

கிள்ளி முடித்த வரிசையைச் சுற்றிச் சிவப்பு நூல் கட்டுவது எங்கள் பூங்கா வழக்கம். நூல் கட்டிவிட்டால் அந்த வரிசையில் மேலாளரே வந்தாலும் விரல் வைக்கக் கூடாது. வைத்தால் காட்சி அன்றைக்குப் பூ இருக்காது, இலைதான் இருக்கும். நூல் கட்டி முடித்ததும் எல்லாருக்கும் டீயும் பன்னும். கடைசி முடிச்சைச் சவுந்தரம் போட்டாள். முகத்தில் அப்படி ஒரு களை. கல்யாணத்தன்றுகூட அவ்வளவு இல்லை, அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல்.

எனக்கு இரண்டு பன் கொடுத்தார்கள். சாப்பிடத் தோன்றவில்லை. மொக்கையனிடம் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 22, புதன்

சவுந்தரம் சந்தையில் சக்கரம் வைத்த பெட்டி வாங்கி வந்திருக்கிறாள். இன்னும் உத்தரவே வரவில்லை, அதற்குள் பெட்டி. தள்ளுபடியில் போட்டிருந்தானாம். இந்த மலையில் சக்கரம் வைத்த பெட்டியைக் கையை விட்டால் அதுவே கீழே போய் ஏற்காட்டு பஸ்ஸில் ஏறிக்கொள்ளும் என்றேன். சிரித்தாள்.

மாலையில் காபி போட அடுப்படிக்குப் போனேன். எல்லா டப்பாவிலும் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறாள். பெருங்காயம். மிளகு. சீரகம். எனக்குக் கண்ணாடி இல்லாமலே தெரிகிற அளவுக்குப் பெரிய எழுத்து. மூட்டுத் தைலத்தில்கூட "ராத்திரி, இரண்டு காலுக்கும்" என்று ஒட்டியிருந்தது.

அந்த எழுத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காபி போடவில்லை.

ஏப்ரல் 26, ஞாயிறு

சவுந்தரம் அவள் சித்தி வீட்டு விசேஷத்துக்கு வத்தலக்குண்டு போயிருந்தாள். மாலை பஸ்ஸில்தான் வருவதாகச் சொல்லியிருந்தாள். வீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பூங்காவுக்கு ஒரு நடை போனேன். ஞாயிற்றுக்கிழமை நாற்றங்கால் பக்கம் யாரும் வரமாட்டார்கள்.

பெட்டூனியா வரிசைகளில் நுனி நீண்டு மொட்டு கட்டியிருந்தது. அடடா, கிள்ளாமல் விட்டுவிட்டார்களே என்று நினைத்தேன். அவளுக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று கிள்ள ஆரம்பித்தேன். இத்தனை வருஷத்துக் கைப் பழக்கம், ஆரம்பித்தால் நிற்காது. மாடத்தின் நடுப் படிகளுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த வரிசைகள் பூராவும் முடிந்துவிட்டன.

சிவப்பு நூல் எதுவும் என் கண்ணில் படவில்லை. மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தேன்.

வீட்டுக்கு வந்தால் சவுந்தரம் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறாள். மதியமே ஒரு பஸ் கிடைத்ததாம். எங்கே போனீர்கள் என்று கேட்பாள் என்று பதில் தயாராக வைத்திருந்தேன். கேட்கவில்லை.

"கைய சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க, டீ தாரேன்" என்றாள். பெட்டூனியாப் பிசின் விரலை விட்டு லேசில் போவதில்லை.

ஏப்ரல் 27, திங்கள்

காலையில் சட்டைப் பையில் சிவப்பு நூல் ஒரு உருண்டை இருந்தது. எப்படி வந்ததென்று தெரியவில்லை. வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டேன்.

பத்து மணிக்கெல்லாம் குணாளன் நாற்றங்காலில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். அத்தனை பேரையும் வரிசையாக நிறுத்தினார்.

"யாரு கிள்ளுனது? இப்பச் சொன்னா மெமோவோட போகும். நானாக் கண்டுபிடிச்சா சஸ்பெண்டுதான்."

நான் வாயைத் திறந்தேன். திறந்தது நிஜம். அதற்குள் சவுந்தரம் முன்னால் போய் நின்றாள்.

"நாந்தான் சார் கிள்ளச் சொன்னேன்."

"நீங்களா? எதுக்கும்மா?"

"மே மாச மழைய நம்ப முடியாது சார். காட்சி தள்ளிப் போச்சுன்னா கைவசம் ஒரு பங்கு இருக்கட்டுமேன்னு."

"இதுவரைக்கும் எந்த வருசம் தள்ளிப் போயிருக்கு? நடு மாடமே இதாம்மா. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்க வேணாமா?"

"கேட்டிருக்கணும் சார்."

அவளுக்கு மெமோ. மடித்துச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். யாரைக் காப்பாற்றுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. அவள் பிரிவில் இருக்கிற பெண்களில் யாரோ ஒருத்தியைச் சந்தேகப்பட்டு மறைத்திருப்பாள். இளகின மனசு.

இரவுச் சாப்பாட்டில் ரசத்துக்கு உப்பு அதிகம் என்று கத்தினேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

மே 2, சனி

மாடத்தில் தொட்டிகளை அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். கிள்ளிய பெட்டூனியாக்களைக் குணாளன் கண்ணில் படாத இடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். நாற்றங்காலுக்குப் பின்னால் பிளாஸ்டிக் கூரை போட்ட கொட்டகை ஒன்று இருக்கிறது. வெளிச்சம் வரும், ஆள் வரமாட்டார்கள். அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். நானும் தூக்கினேன். மூட்டுவலியோடு இதெல்லாம் எதற்கு என்று மொக்கையன் கேட்டான். உன் வேலையைப் பார் என்றேன். என் வேலையைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள் என்றான்.

மாடத்துக்கு நடுவில் பெரிய ஓட்டை. சவுந்தரம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

என் தொட்டி டேலியாக்கள் இந்த வருஷம் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பூத்திருக்கின்றன. மழையில் நனையாமல், காற்றில் சாயாமல் குழந்தைகளைப் போல வளர்த்தவை. தனிக் கூடாரத்தில் வைக்க வேண்டியவை. அத்தனையையும் கொண்டுவந்து ஓட்டையில் அடுக்கச் சொன்னேன்.

"டேலியாவா? நெசமாவா தாரீங்க?" என்றாள்.

"ரொம்பப் பூத்துப்போச்சு. வைக்க எடமில்ல."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் நான் நிற்கவில்லை.

மே 5, செவ்வாய்

இயக்குநர் அம்மா ஆய்வுக்கு வந்தார். மாடத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"டேலியா பிரமாதம். ஆனா மாடம்னா பெட்டூனியா படியப் படிய வழியணும்மா. நடுவுல என்ன ஆச்சு?"

சவுந்தரம் குனிந்து ஒரு டேலியாத் தொட்டியை நேராக்கினாள். குணாளன் கூரையைப் பார்த்தார், மாடத்துக்குக் கூரையே கிடையாது.

"சரி, காட்சி அன்னைக்குப் பாப்போம்" என்று இயக்குநர் போய்விட்டார். அந்தக் குரலை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். வேலை வேறு ஆளுக்கு என்று அர்த்தம்.

நான் விரும்பியது இதுதானே என்று யாராவது கேட்டால் அடிக்கவே போவேன். சவுந்தரம் வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டு வெகு நேரம் துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் எதற்கு என்று எழுத இன்று கை வரவில்லை.

மே 9, சனி

மதியம் மூன்று மணிக்கு ஆலங்கட்டி மழை. கல் ஒவ்வொன்றும் கோலிக் குண்டு அளவு. அரை மணி நேரம்தான். நின்றபோது பூங்காவில் பூ என்று சொல்ல எதுவுமில்லை.

மாடத்துக்குப் போய்ப் பார்த்தேன். என் டேலியாக்கள் தண்டு மட்டும் நின்றன. தட்டுத் தட்டாக இருந்த இதழெல்லாம் படிகளில் சேறோடு கிடந்தன. மொக்கையன் பக்கத்தில் நின்று அழுதான். அவனுக்குத் தட்டிக் கொடுத்துவிட்டு, எனக்கு வர வேண்டிய அழுகை ஏன் வரவில்லை என்று யோசித்தேன். அப்புறம்தான் கவனித்தேன், நான் பின்பக்கக் கொட்டகையைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தேன். மூட்டுவலிக்காரன் ஓடுகிற ஓட்டமில்லை அது.

சவுந்தரம் அங்கே எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கூரையில் இரண்டு இடத்தில் கிழிசல். உள்ளே பெட்டூனியாக்கள் பச்சைப் பசேலென்று, ஒன்றும் நடக்காதது போல இருந்தன. நுனியில் மிளகளவு மொட்டுகள்.

இரண்டு பேரும் நின்று பார்த்தோம்.

மே 11, திங்கள்

காட்சியைப் பத்து நாள் தள்ளி இருபத்தைந்தாம் தேதிக்கு வைத்துவிட்டார்கள். இதுவரைக்கும் எந்த வருஷமும் தள்ளிப் போகாத காட்சி. குணாளன் சவுந்தரத்தைத் தேடிக்கொண்டு வந்தார்.

"உங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சுச்சு?"

"மானத்தப் பாத்துத்தான் சார்" என்றாள், கண்ணைக் கூடச் சிமிட்டாமல்.

இந்தப் பெண்ணோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன், இவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்வாள் என்று தெரியாது.

மே 22, வெள்ளி

பூத்துவிட்டன. ஊதாவும் வெள்ளையும் ரோசும், ஒன்றுக்கொன்று சொல்லிவைத்தது போல. நேற்றிலிருந்து மாடத்தில் அடுக்குகிறார்கள். ஒரு முறை கூடுதலாகக் கிள்ளியதால் கிளை கூடி, தொட்டியே தெரியாமல் வழிகிறது. வாழ்க்கையில் இவ்வளவு நல்ல பெட்டூனியா நான் பார்த்ததில்லை. யார் கிள்ளியதோ, நன்றாகக் கிள்ளியிருக்கிறார்கள்.

மே 25, திங்கள்

காட்சி திறப்பு. நிற்க இடமில்லை. மாடத்துக்கு முன்னால் ஒரு அம்மா தன் வீட்டுக்காரரிடம் எல்லாம் பிளாஸ்டிக் பூ என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு இதழைக் கிள்ளிக் கொடுத்து நிரூபிக்கலாம் என்று தோன்றியது. கையைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

இயக்குநர் அம்மா மைக்கைப் பிடித்தார். "மழைய முன்கூட்டியே யோசிச்சு, திட்டு வாங்கினாலும் பரவாயில்லைன்னு ஒரு பங்கு நிறுத்தி வெச்சிருக்காங்க நம்ம ஞானசவுந்தரி. புதுப் பூங்காவுக்கு இப்படிப்பட்ட ஆள்தான் வேணும்" என்றார். கூட்டம் கை தட்டியது. குணாளன் மெமோவைத் திரும்ப வாங்கிக் கிழித்துப்போட்டுவிட்டதாக மொக்கையன் சொன்னான். எல்லாரையும்விட நான்தான் அதிகமாகத் தட்டினேன். தட்டி முடித்தபோது உள்ளங்கை எரிந்தது.

மே 29, வெள்ளி

உத்தரவு வந்துவிட்டது. ஜூன் முதல் வாரத்தில் போய்ச் சேர வேண்டும்.

இனி இந்த டைரியிடம் நடிப்பதில் பிரயோசனம் இல்லை. நூலை அவிழ்த்தது நான்தான். ஒவ்வொரு முடிச்சாக, பொறுமையாக அவிழ்த்தேன். கண்ணாடி மூக்கின்மேல்தான் இருந்தது. அவள் போகக் கூடாது என்று கிள்ளினேன். இந்த வீட்டில் அவள் இல்லாமல் இருக்க எனக்குப் பயம். அந்தப் பயத்தைச் சொல்ல வாய் வராமல் அவள் நான்கு மாத உழைப்பில் கை வைத்தேன். அவள் என்னடாவென்றால் அந்தப் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாள். கடைசியில் நான் கிள்ளியதால்தான் அவள் போகிறாள்.

இதை எழுதிய பிறகும் மனசு லேசாகவில்லை. அவளிடம் சொல்ல வேண்டும்.

மே 31, ஞாயிறு

சர்ச்சுக்குப் போய்விட்டு வந்தோம். அவள் சக்கரப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு சேலைகளை அடுக்கினாள். நான் எதிரில் முக்காலியில் உட்கார்ந்தேன். முதலில் காலநிலை பற்றிப் பேசினேன். அப்புறம் ஏற்காட்டு மண் பற்றிப் பேசினேன். அப்புறம் பேச விஷயம் தீர்ந்துவிட்டது.

"சவுந்தரம், அந்தப் பெட்டூனியாவ நான் தெரியாமக் கிள்ளல."

"தெரியும்."

"நூல அவுத்துட்டுத்தான் கிள்ளுனேன்."

"தெரியும்னு சொல்றேன்ல. அந்த மஞ்சச் சேலைய எடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவள் சேலையை மடித்துக்கொண்டே சொன்னாள். அன்றைக்கு மதிய பஸ்ஸில் வந்தவள் நேராக நாற்றங்காலுக்குத்தான் வந்தாளாம், தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்களா என்று பார்க்க. நான் முதல் வரிசை நூலை அவிழ்க்கும்போதே நிழல்வலைக்கு அந்தப் பக்கம் நின்றிருக்கிறாள்.

முக்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"பாத்துக்கிட்டா நின்ன? ஒரு சத்தம் குடுத்திருந்தா நிறுத்தியிருப்பேனே."

"குடுக்கத்தான் வாயெடுத்தேன்."

"அப்புறம் ஏன் குடுக்கல?"

மடித்த சேலையைப் பெட்டிக்குள் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எனக்கும் போகப் பயமா இருந்துச்சுங்க. கிள்ளட்டும், கிள்ளி முடிக்கட்டும்னு நின்னேன். நீங்க நாலாவது வரிசைக்குப் போனப்ப, நா வீட்டுக்கு வந்து டீக்கு அடுப்பப் பத்தவெச்சேன்."

அவளும் அதே பயத்தை என்னைப் போலவே மென்று விழுங்கிக்கொண்டு பெட்டி வாங்கியிருக்கிறாள், டப்பாவுக்குப் பெயர் ஒட்டியிருக்கிறாள். நான் காலண்டரைப் பார்க்காமல் அன்றைக்கே அவள் முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

"இப்ப?" என்று கேட்டேன்.

"இப்பவும் பயந்தான். ஆனா மாடத்துல பூவப் பாத்தப்புறம் போகணும்னும் இருக்கு. நீங்க சொல்லுங்க."

"போ" என்றேன். பிப்ரவரியில் சொன்ன அதே வார்த்தைதான். இந்த முறை சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது, அதனால் நம்பினாள் என்று நினைக்கிறேன். சிறிது நேரம் இரண்டு பேரும் அழுதோம். பிறகு பெட்டி மூடவில்லை என்று அவள் என்னை அதன்மேல் உட்காரச் சொன்னாள்.

ஜூன் 4, வியாழன்

காலை பஸ். பெட்டி சக்கரத்தில் உருண்டு போகாமல் நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். எழுத வேறெதுவும் இல்லை.

ஜூன் 14, ஞாயிறு

ரசம் பரவாயில்லை. தைலம் இரண்டு காலுக்கும் தேய்க்கிறேன். ரேடியோவைச் சத்தமாக வைத்துப் பார்த்தேன், காது வலிக்கிறது. அவள் பிரிவையும் குணாளன் இப்போதைக்கு என் தலையில் கட்டிவிட்டார்.

மாலையில் சவுந்தரம் போன் செய்தாள். அங்கே மண் களிமண்ணாம். பெண்கள் நன்றாக வேலை செய்கிறார்களாம், ஆனால் நுனி கிள்ளச் சொன்னால் பாதிச் செடியைப் பிடுங்குகிறார்களாம். அடுத்த மாதம் நான் விடுப்பு எடுத்து வர வேண்டும் என்றாள், வரும்போது டேலியாக் கிழங்கு கொண்டுவர வேண்டுமாம். எல்லாம் சொல்லிவிட்டுக் கேட்டாள்.

"காட்சித் தொட்டியெல்லாம் பூ முடிஞ்சிருக்குமே. வெட்டிவிட்டாச்சா?"

"நாளைக்கு."

"பெட்டூனியாவ யாரு வெட்டுறது?"

"நாந்தான்."

அந்தப் பக்கம் டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"மொக்கையன வெட்டச் சொல்லுங்க" என்றாள்.